கூட்டல் குறி

அவர் படித்த படிப்புக்கு அவரை ஆர்க்கிடெக்ட் என்று அழைக்கவேண்டும். வாயில் நுழையாத அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. பலரும் இன்ஜினியர் என்றுதான் அழைத்தார்கள். "இன்ஜினியர் இல்லைங்க. கட்டடம் எப்படி இருக்கணும்னு வரையறவன் நான். அது நிக்குமான்னு கணக்குப் பார்க்கறவர்தான் இன்ஜினியர்" என்று அவர் பொறுமையாக விளக்குவார். கேட்டவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க இன்ஜினியர்" என்று கிளம்புவார். கடைசியில் எல்லாருக்கும் வசதியாக ஒரு பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சாக்பீஸ்காரர்.

அந்தப் பெயருக்குக் காரணம் அவர் சட்டைப்பை. அதில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இரண்டு சாக்பீஸ் இருக்கும். துவைக்கிற நாளில் அவர் மனைவி பையைக் கவிழ்த்துத் தட்டாமல் ஒரு சட்டையையும் தண்ணீரில் போடமாட்டாள். தட்டினாலும் மாவு கொட்டும். "உங்களைத் துவைச்சுப் பிழிஞ்சா பாதி சுண்ணாம்பாத்தான் வரும்" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையின் பையில் இரண்டைப் போட்டுக்கொள்வார்.

அவருடைய அப்பா தையற்காரர். துணியின்மேல் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் கத்தரியைத் தொடுவார். மகனும் அதே கதை. தாளில் வரைந்த வீட்டை அப்படியே காலி மனையில், முழு அளவில், தரையைச் சுத்தம் செய்து சாக்பீஸால் போட்டுவிடுவார். வீட்டுக்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டு, "இப்ப இதுல ஒரு நாள் வாழ்ந்து காட்டுங்க" என்பார். வெட்கப்பட்டுக்கொண்டே அவர்கள் கோட்டு வாசலில் நுழைவார்கள், கோட்டு அடுப்படியில் நிற்பார்கள், கோட்டுப் படுக்கையறையில் பாட்டிலோ குடையோ எதையாவது வைத்துப் பார்ப்பார்கள். சமைக்கிறவர் எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டுதான் அடுப்படி ஜன்னலின் உயரத்தை எழுதுவார்.

கல்யாணமான மறு மாதம் அவர் மனைவியையும் இப்படித்தான் ஒரு காலி மனையில் நிறுத்தினார். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிளான் என்றால் என்ன என்று அன்றுவரை தெரியாது. கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து, "பின்பக்கத்துலேர்ந்து அடுப்படிக்கு எடுத்துட்டுப் போ" என்றார். அவள் நேராக நடந்தாள்.

"சுவத்துக்குள்ள பூந்து போற."

"கதவு வைக்கலைன்னா வேற எப்படிப் போறதாம்?"

அவர் குனிந்து பார்த்தார். பின்பக்கத்துக்குக் கதவே வைத்திருக்கவில்லை. அன்று முதல் அவர் போட்ட ஒவ்வொரு பிளானிலும் அவள் நடக்காமல் வேலை தொடங்கியதில்லை. அவளுக்கு அதில் சொல்லமுடியாத பெருமை. வெளியே மட்டும், "எனக்கு வேற வேலை இல்லையா" என்று சலித்துக்கொள்வாள்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. தாள் எதுவானாலும் பென்சில் படுமுன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். முடித்ததும் வலது மேல்மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் முதல் கோடு. பெரிய மகள் ஒன்றாம் வகுப்பில் கூட்டல் கற்றுக்கொண்ட நாளில் அவர் மேசையை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, அப்பா எல்லாத் தாள்லயும் கூட்டல் போட்டிருக்கார். நம்பரே எழுதல. டீச்சர் பார்த்தா முட்டிபோட வைப்பாங்க."

அந்தச் சின்னக் குறிதான் ஒரு நாள் அவர் பிழைப்பையே ஆட்டிப் பார்த்தது.

அவருக்கு முப்பத்துநான்கு வயது இருக்கும்போது சபையார் புது ஆலயம் கட்டத் தீர்மானித்தார்கள். பழைய ஆலயம் ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்வரிசையில் இருப்பவருக்குப் பிரசங்கம், பின்வரிசையில் இருப்பவருக்கு முதுகு. அவருடைய மாமனார், அதாவது அவர் மனைவியின் அப்பா, மகள் வீட்டில்தான் இருந்தார். அவருக்குக் காது மந்தம். இருமல் வரும் என்று கதவோரக் கடைசி வரிசையில்தான் உட்காருவார். அங்கே எதுவும் கேட்காது. ஆனாலும் பக்திக்குக் குறைவில்லை. போதகர் வாய் அசைவது நின்றால் உரக்க ஆமென் சொல்லிவிடுவார். ஒரு முறை, "நாளை குழாயில் தண்ணீர் வராது" என்று அறிவித்ததற்கும் சொன்னார். பேரப்பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்கள்.

புது ஆலயத்தின் பிளானை அவருக்கே கொடுத்தார்கள். அவர் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. அது நன்றாக முடிந்தால் நாலு பேர் நம்புவார்கள், கெட்டால் வீட்டுக்கு வீடு தாழ்வாரம் வரைந்துகொண்டே காலம் போகும் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும். எழுபதடி நீளம், அறுபதடி அகலம். சுற்றிலும் பன்னிரண்டு தூண். நடுவில் ஒன்றும் கிடையாது. கடைசிச் சுவரோரம் பலிபீடம்.

எந்தெந்த இடத்தில் தூணுக்குக் குழி தோண்டவேண்டும் என்று மேஸ்திரிக்குத் தனியாக ஒரு தாள் போட்டார். அதில் சுவர் இருக்காது, ஜன்னல் இருக்காது. தூண் வரும் இடத்தில் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். அந்தத் தாள் முடிகிற நேரத்தில் அவர் மனைவிக்கு வலி எடுத்தது.

மூன்றாவது பிரசவம் முரண்டு பிடித்தது. அறுவை சிகிச்சை, ரத்தப்போக்கு, அதற்கு மேல் காய்ச்சல். பெண் குழந்தை நன்றாகப் பிறந்துவிட்டது. தாய்தான் எழவில்லை. இருபது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். அவர் பகலில் வராந்தா பெஞ்சிலும், மற்ற நேரம் பெரிய பிள்ளைகளோடும் இருந்தார். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கே வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார். கட்டடத்தைச் சாக்பீஸ்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனைவியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த அன்றுதான் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது மேஸ்திரியும் கூடவே வந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் உள்ளறையில் படுத்திருந்தாள். கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"ஐயா, நீங்க போட்ட குறிதான். மூலையில எப்பவும் போடறதை விட்டுட்டு எண்ணிப் பாருங்க. பதிமூணு."

தாளை விரிக்கும் சத்தம். பிறகு அவர் ஒவ்வொன்றாக எண்ணும் முணுமுணுப்பு.

"நடுவுல ஒண்ணு இருக்குதே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா மேஸ்திரி?"

"வந்துச்சுங்க. அப்புறம் நானே நினைச்சுக்கிட்டேன். என் பையன் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்களாம், உங்க சாமிக்குச் சீஷருங்க பன்னெண்டு பேருன்னு. சுத்தி பன்னெண்டு தூணு அவங்க, நடுவுல பெரியவரு அவரு. ஐயா யோசிச்சுத்தான் வச்சிருக்காருன்னு, நடுத்தூணுக்கு மட்டும் கூட ரெண்டு கம்பி போட்டு நல்லாவே கட்டிட்டேன்."

கவலையோடு படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளே செய்தி பரவிவிட்டது. ஆள் உயரத்துக்கு ஒரு தூண், உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு, ஆலயத்தின் நட்டநடுவில் நிற்கிறது. சபையின் பொருளாளர் இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்கும். அதனால் சாவிக்கொத்து என்று அவருக்குப் பட்டப்பெயர். அவர் தூணை மூன்று முறை சுற்றி வந்தாராம். "போதகரைப் பார்க்கணும்னா ஒளிஞ்சு பிடிச்சுத்தான் விளையாடணும்" என்றாராம். தப்பு யார் தலையில் விழுகிறதோ, அவர் செலவில் இடிக்கவேண்டும், அதோடு அவருக்கு வேலையும் இல்லை என்று பேச்சு.

காலையிலேயே அவள் அண்ணன் வந்துவிட்டார். அவரும் சபைக் கமிட்டியில் ஒருவர். மேசைமேல் கிடந்த தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது வெறும் பென்சில்தானே?"

"ஆமா மச்சான்."

"அப்புறம் என்ன? பிள்ளைங்க படிக்கிற வீட்டுல ரப்பருக்கா பஞ்சம்? ரெண்டு தேய்ப்பு. மேஸ்திரி தப்பாப் பார்த்துட்டான்னு முடிஞ்சுபோகும்."

"அவர் சரியாத்தான் பார்த்திருக்கார். நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்."

"மூணு பிள்ளைங்க உங்களுக்கு. அதை யோசிங்க."

"அவருக்கு நாலு, மச்சான்."

அண்ணன் தங்கையைப் பார்த்து, நீயாவது சொல் என்பதுபோல் கையை விரித்துவிட்டுப் போனார்.

அவர் குளிக்கப் போனார். கூடத்தில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்தாள். பெரியவளுடைய பென்சில் பெட்டியைத் திறந்தாள். மீன் வடிவத்தில் ஒரு ரப்பர், வால் தேய்ந்துபோய். எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். அவளுக்கு மேஸ்திரிமேல் கோபமில்லை. தான் இருபது நாள் படுத்ததால்தானே இத்தனையும் என்ற எண்ணம்தான் அவளை அரித்தது. தன்னால் வந்ததைத் தானே துடைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

பின்னால் ஈரத் தலையோடு அவர் நின்றார்.

"என்ன பண்ற?"

"எறும்பு ஊருது. தட்டி விடறேன்."

"அது எறும்பு இல்ல."

அவள் நிமிரவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

"உன்னை உள்ளே கொண்டுபோனப்புறம் நர்ஸ் வந்து ஒரு கையெழுத்துக் கேட்டாங்க. எதுவும் நடக்கலாம்னாங்க. போட்டுக் கொடுத்தேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மடியில இந்தத் தாள். கையில பென்சில். கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவர்கிட்ட உன்னைக் கேட்டேன். எப்பவும் மூலையில போடற கை அன்னிக்கு எங்க போட்டுச்சுன்னு எனக்கே தெரியாது. கண்ணுதான் மூடியிருந்துச்சே."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். மற்ற பன்னிரண்டும் ஸ்கேல் வைத்துப் போட்டவை. இது மட்டும் கொஞ்சம் சாய்ந்து, ஒரு கால் நீண்டு இருந்தது.

"கேட்டது கிடைச்சிருச்சு. கிடைச்ச பிறகு கேட்ட சீட்டை அழிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவள் மீனை எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அன்று மாலை கமிட்டியில் அவர் எழுந்து, குறி தன்னுடையது, மேஸ்திரிமேல் ஒரு பிழையும் இல்லை என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். ஏன் போட்டார் என்று கேட்டதற்கு, "கவனம் வேற இடத்துல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். சாவிக்கொத்து உடனே ஆள் மாற்றவேண்டும் என்றார். போதகர்தான், ஞாயிறு வரை பொறுப்போம், அதற்குள் ஒரு வழி சொன்னால் கேட்போம், இல்லாவிட்டால் இடித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று முடித்தார். கையில் நான்கு நாள். அவர் தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். தூண் நடுவில் நின்றால் பலிபீடம் மறைகிறது. எப்படித் திருப்பினாலும் மறைகிறது.

சனிக்கிழமை மதியம் அவள், "எனக்காகக் கேட்ட தூணை நான் பார்க்கவேணாமா" என்று கிளம்பிவிட்டாள். குழந்தை, இரண்டு பிள்ளைகள், மாமனார், எல்லாரும் புறப்பட்டார்கள். மொட்டை வெயில். கூரை இல்லாத அந்த வெளியின் நடுவில் நிழல் என்று இருந்தது நடுத்தூணின் நிழல் மட்டும்தான். மேஸ்திரி ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தார். அவள் தூணில் சாய்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வந்த அம்மாவையும் பிள்ளையையும் பார்க்க, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் சட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பெண்கள் முன்னால் குந்தினார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நுழைந்தார்கள். ஆண்கள் அவர்களுக்குப் பின்னால் வளைந்து நின்றார்கள்.

"மூக்கு யாரு மாதிரி?"

"ஐயா மாதிரிதான். அதுவும் கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்குது" என்றார் மேஸ்திரி.

எல்லாரும் சிரித்தார்கள். வெளி வளையத்தில் நின்ற மாமனாரும் சிரித்தார்.

வாசல் பக்கம் தனியாக நின்றிருந்த சாக்பீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். காது மந்தமான மாமனார், சொன்னது கேட்டுச் சிரிக்கிறார்.

"யாரும் அசையாதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். குந்தியிருந்தவர்களின் காலைச் சுற்றி ஒரு வளைவு. நின்றவர்களின் காலைச் சுற்றி இன்னொரு வளைவு. "என் கட்டைவிரல் உள்ளே வந்துருச்சுங்க" என்றார் ஒருவர். "இருக்கட்டும், உங்க விரலுக்கும் இடம் உண்டு" என்று அவர் கோடு இழுத்துக்கொண்டே போனார். தூணைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டம், பின்பக்கம் பாடகர் குழுவுக்குக் கொஞ்சம் விட்டு. பலிபீடம் தூணின் அடியிலேயே. மனைவி உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றி ஒரு சதுரம் போட்டார். கோடு தீர்ந்தபோது சாக்பீஸும் தீர்ந்திருந்தது. அவர் முழங்கால், முகம் எல்லாம் வெள்ளை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் அத்தனை பேரையும் அங்கே அழைத்துப் போனார். "இதுல பத்து நிமிஷம் ஆராதனை நடத்திக் காட்டுங்க" என்றார். பிளானைக் காட்டவேயில்லை. எல்லாரும் கோடு பார்த்து உட்கார்ந்தார்கள். பழைய ஆலயத்தில் அறுபதடி தள்ளி இருந்தவர்கள் இங்கே முப்பதடிக்குள் வந்துவிட்டார்கள். சாவிக்கொத்து வேண்டுமென்றே கடைசி வளைவின் கடைசி மூலையில் போய் நின்றுகொண்டார்.

போதகர் தூணருகே நின்று, ஒலிபெருக்கி இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் ஒரு சின்ன ஜெபம் செய்தார். இடையில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். எல்லாப் பேரப்பிள்ளைகளும் தாத்தாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. போதகர் தொடர்ந்து, முடித்தார். அப்போது கடைசி வளைவிலிருந்து கணீரென்று ஒரு ஆமென் வந்தது, அது விழவேண்டிய இடத்தில்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கிழவர் மகளைப் பார்த்து, "இவர் இவ்வளவு நல்லாவா ஜெபிக்கிறார்? இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே" என்றார். போதகரே சிரித்துவிட்டார். சாவிக்கொத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "கூரை?" என்று கேட்டார்.

"குடை மாதிரிங்க. நடுக்கம்பு இருக்குதே. அறுபதடிக்கு ஒரே உத்தரம் போடவேண்டியதில்ல, இரும்பு பாதியாக் குறையும்."

"குடைன்னா சரி. மழை நம்மளை ஒண்ணும் பண்ணாது" என்றார் சாவிக்கொத்து. அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

கணக்குப் பார்க்கும் இன்ஜினியர் வந்து, குடையைத் தாங்கத் தூணின் இடுப்பை இன்னும் கொஞ்சம் பெருக்கவேண்டும் என்றார். மேஸ்திரி கூடுதலாகப் போட்ட இரண்டு கம்பி அப்போது உதவிற்று. பதினோரு மாதத்தில் ஆலயம் எழும்பியது. பிரதிஷ்டை நாளில் வெளியூர்களிலிருந்தும் வந்து பார்த்தார்கள். இதைப்போல் எங்களுக்கும் ஒன்று என்று அன்றைக்கே இரண்டு சபைகள் கேட்டன. அதன்பிறகு அவருக்கு ஓய்ந்து உட்கார நேரமில்லை. பள்ளிக்கூடங்கள், வீடுகள், ஒரு ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் பிளான் போடும்போது மனைவியைச் சாக்பீஸ் கட்டிலில் படுக்கவைத்தார். "கூரையைத் தவிர ஒண்ணும் தெரியல" என்றாள். ஜன்னல்களை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். படுத்திருப்பவர்களுக்கு மரமும் தெருவும் தெரிகிற வார்டு அது.

எவ்வளவு வேலை இருந்தாலும் இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். குடும்ப ஜெபத்தில் பாட்டை அவர்தான் எடுப்பார். ஒரு நாளும் சுருதி சேர்ந்ததில்லை. பிள்ளைகள் மூவரையும் படிக்கவைத்து ஆளாக்கினார். மூன்றாவது பெண்ணை அக்காவும் அண்ணனும் தூணு என்றே கூப்பிட்டார்கள். அவள் கல்யாணம் அந்தத் தூணின் அடியில்தான் நடந்தது. "சும்மா சாய்ஞ்சுக்காதே, புடவையில சுண்ணாம்பு ஒட்டும்" என்று அக்கா கேலி செய்தாள்.

எழுபத்தெட்டாம் வயதில், ஒரு காலை, அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போனார். சட்டைப்பையில் இரண்டு சாக்பீஸ் இருந்தது. அவள் இந்த முறை தட்டிக் கொட்டவில்லை.

அடக்க ஆராதனைக்கு ஆலயம் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தும் யாரும் தூரத்தில் இல்லை. கட்டிய வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். அழுகையைவிடப் பாட்டுச் சத்தம் பெரிதாக இருந்தது. சுருதி சேராமல் உரக்கப் பாடினவர்களும் இருந்தார்கள். அவருக்குச் செய்யும் மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கல்லறையில் தலைமாட்டில் நடுவதற்குச் சிலுவையை மேஸ்திரியே தன் கையால் செய்துகொண்டு வந்திருந்தார். கண் பார்வை மங்கி, பேரன் தோளைப் பிடித்து நடக்கிற வயது அவருக்கும். குழியைத் தடவிப் பார்த்து, சிலுவையை நிறுத்தி, மண்ணை மிதித்து இறுக்கினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இந்தத் தடவை குறியைச் சரியாப் படிச்சுட்டேன். சிலுவை இருக்கவேண்டிய இடத்துல சிலுவையே வச்சிருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போன தடவையும் நீங்க சரியாத்தான் படிச்சீங்க மேஸ்திரி" என்றாள்.